“செல் சாகாம காப்பாத்தும்” கேப்சூல்: மாமா வாங்கிகினு வந்த பாட்டிலுக்கு என் ரிவ்யூ

பிராண்ட் பேரு போடமாட்டேன். இதே சரக்கு, இதே மாதிரி டப்பாவுல, வேற வேற பேர்ல ஊரெல்லாம் விக்குது, ஒருத்தன் பேர மட்டும் போட்டு மத்தவன நல்லவனாக்க எனக்கு இஷ்டம் இல்ல. வெள்ளை பாட்டில், தங்கக் கலர் மூடி, 60 கேப்சூல். உள்ள இருக்குறது வயசாகாம இருக்கன்னு விக்கிற ரெண்டு பொருள்: என்எம்என், கூட கொஞ்சம் ரெஸ்வெரட்ரால். டிஸ்கவுண்ட் போக மூவாயிரத்துக்கு மேல. வாங்கினது நான் இல்ல, எங்க மாமா. ராணிப்பேட்டைல வேலை பாத்து ரிட்டையர் ஆகி இப்ப வேலூர் சத்துவாச்சாரில இருக்காரு, சுகர் உண்டு, காலைல கோட்டை பக்கம் வாக்கிங் போவாரு, அந்த வாக்கிங் செட்டுல யாரோ ஏத்திவிட்டு நேரா கடைக்குப் போய் ரெண்டு பாட்டிலா தூக்கிகினு வந்துட்டாரு. ரெண்டு வாங்கினா ஸ்டீல் வாட்டர் பாட்டில் ஃப்ரீயாம். நேதாஜி மார்க்கெட்ல முள்ளுக்கத்திரிக்காய்க்கு அஞ்சு ரூபா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிக்கிற மனுஷன் இவரு.

“இன்னாப்பா, நீதான் செல்லு கில்லுன்னு பாடம் எடுக்குறியே, இத்த படிச்சுப் பாத்து சொல்லு” ன்னு உள்ள இருந்த நோட்டீஸ நீட்டினாரு. நான் ஜூவாலஜி, ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்குறவன், டாக்டர் கிடையாது, அத முதல்லயே சொல்லிடுறேன்.

பேக்கிங் நல்லா இருக்கு, குறை சொல்ல முடியாது. சீல் ஒழுங்கா இருந்துச்சு, உள்ள பஞ்சு, சிலிக்கா பாக்கெட் எல்லாம் இருக்கு. ஒரு கேப்சூல உடைச்சு தட்டுல கொட்டிப் பாத்தேன், வெள்ளை பவுடர், நாக்குல வெச்சா லேசா புளிப்பு. க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா லேப் ரிப்போர்ட் வரும்னு போட்டிருக்கு, ஸ்கேன் பண்ணா கம்பெனி ஹோம் பேஜ்தான் வருது, அங்க ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சைக்கிள் ஓட்டுறாரு.

பிரச்சனை நோட்டீஸ்லதான். வழவழ பேப்பர், டிஎன்ஏ படம், கொட்டை எழுத்துல “நோபல் பரிசு பெற்ற செல் மரண ஆராய்ச்சியின் அடிப்படையில்”, அதுக்குக் கீழ “செல்கள் இறப்பதைத் தடுத்து முதுமையை நிறுத்துகிறது”. நோபல் பரிசு உண்மை. அடுத்த வரி அப்படியே தலைகீழ். இந்த ரெண்டு வரிய பக்கத்துல பக்கத்துல போட்டவனுக்கு ஒண்ணு விஷயம் தெரியாது, இல்ல நமக்குத் தெரியாதுன்னு நல்லா தெரியும்.

அந்தப் பரிசு 2002ல குடுத்தது. மூணு பேர்: சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ். இதுல ஹார்விட்ஸோட வாழ்க்கைய கொஞ்சம் பாத்தா போதும், நோட்டீஸ் எங்க உதைக்குதுன்னு புரிஞ்சிடும். ஆளு காலேஜ்ல படிச்சது கணக்கும் எகனாமிக்ஸும். அப்புறம்தான் பயாலஜி பக்கம் வந்து, 1974ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜுக்குப் போய் பிரென்னர் லேப்ல சேந்தாரு. அங்க எல்லாரும் ஒரு புழுவ வெச்சு உக்காந்திருந்தாங்க. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளம், மண்ணுல இருக்கும், கண்ணாடி மாதிரி உடம்பு, மைக்ராஸ்கோப்ல வெச்சா ஒவ்வொரு செல்லும் தெரியும். சல்ஸ்டன் அந்தச் செல்லுங்க ஒண்ணொண்ணும் எங்கேர்ந்து பிரிஞ்சு வருது, எங்க போகுதுன்னு மணிக்கணக்கா உக்காந்து பாத்து வரைஞ்சு வெச்சாரு, ஹார்விட்ஸும் கூட சேந்தாரு. கணக்கு இப்படி வந்துச்சு: புழு வளர்றப்ப உருவாகுற உடல் செல் மொத்தம் 1090, அதுல 131 செத்துடும், மிச்சம் 959. எந்தப் புழுவ எடுத்தாலும் அதே 131 செல், அதே இடத்துல, அதே நேரத்துல சாகுது. அடிபட்டோ விஷம் ஏறியோ இல்ல, சாகணும்னு முன்கூட்டியே எழுதி வெச்ச மாதிரி.

யாரு எழுதி வெச்சதுன்னு தேடினதுதான் ஹார்விட்ஸோட வேலை. 1978ல அமெரிக்காவுல இருக்குற எம்ஐடிக்கு வந்து லேப் போட்டு, வருஷக்கணக்கா சாகாத செல் இருக்குற புழுங்கள தேடிப் பிடிச்சு, 1986ல செட்-3, செட்-4ன்னு ரெண்டு ஜீன் வேலை செஞ்சாதான் அந்தச் செல்லுங்க சாகும்னு காட்டினாங்க. அப்புறம் செட்-9, அது சாவத் தடுக்குற ஜீன். 1993ல செட்-3 மாதிரியே ஒரு ஜீன் மனுஷங்க கிட்டயும் இருக்குன்னு தெரிஞ்சுது. அதாவது சாகுறதுக்கான கருவி நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெடியா இருக்கு. கருவுல கை உருவாகும்போது விரலுக்கு நடுவுல இருக்குற செல் செத்தாதான் விரல் தனித்தனியா பிரியும். இப்ப நீங்க இத படிக்கிற நேரத்துலயும் உங்க உடம்புல கோடிக்கணக்குல செல் இப்படித்தான் செத்து, பக்கத்து செல் அத சுத்தமா தின்னு முடிக்குது.

இங்கதான் ப்ளஸ் டூ பசங்க கூட ஒரு கேள்வி கேப்பாங்க, அப்ப அந்த 131ம் சாகலன்னா புழுவுக்கு என்ன ஆகும் சார்ன்னு. பெருசா ஒண்ணும் ஆகாது, எக்ஸ்ட்ரா செல்லோட அது பாட்டுக்கு வாழும். ஆனா புழு பெருசானப்புறம் அதோட உடம்பு செல் பிரியறதே இல்ல, அதனால தப்பிச்சுது. நம்ம கதை வேற, நமக்கு ரத்தம், தோல், குடல் எல்லாம் பிரிஞ்சிகினே இருக்கு. சாக வேண்டிய செல் சாகாம பிரியவும் செஞ்சா அதுக்குப் பேரு கேன்சர். கதையா சொல்லல. ஃபாலிகுலர் லிம்போமான்னு ஒரு ரத்தப் புற்றுநோய், அதுல 14வது குரோமோசோம் துண்டும் 18வது குரோமோசோம் துண்டும் இடம் மாறி, பிசிஎல்-2ன்னு ஒரு ஜீன் ஓயாம வேலை செய்யும். அந்த ஜீன் செல்ல வேகமா பிரிய வெக்கல, செல்ல சாக விடாம புடிச்சு வெக்குதுன்னு 1988ல ஆஸ்திரேலியாவுல டேவிட் வாக்ஸ் காட்டினாரு. 1994ல பாத்தா, ஹார்விட்ஸ் லேப் புழுவுல கண்டுபிடிச்ச செட்-9தான் நம்ம பிசிஎல்-2வோட சொந்தக்காரன்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல இந்தியா பூராவுல இருந்து ரத்தப் புற்றுநோய்க்காரங்க வந்து லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பாக்குறாங்க. இந்தச் செல் மரண ஆராய்ச்சியில இருந்து நேரா பொறந்த மாத்திரை ஒண்ணு இருக்கு, வெனிடோகிளாக்ஸ், 2016ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அது என்ன பண்ணும்? பிசிஎல்-2வ மடக்கிப் போட்டு, சாக மறுக்குற செல்ல சாக வெக்கும். அந்த நோபல் பரிசுக்கு உறவான நெசமான மருந்து செல்ல கொல்ற மருந்து. அதே ஊர்ல அதே பரிசு பேர சொல்லி “செல் சாகாம காப்பாத்தும்” னு ஒருத்தன் தங்க மூடி போட்டு விக்கிறான்.

சரி, சாகக்கூடாத செல் சாகுற வியாதியும் இருக்குல்லன்னு கேட்டா, இருக்கு. ஹார்விட்ஸோட அப்பாவே ஏஎல்எஸ்னு நரம்பு செல் செத்துப்போற நோயில 1989ல போயிட்டாரு, 1993ல பரம்பரையா வர்ற ஏஎல்எஸ்க்கு எஸ்ஓடி1 ஜீன் ஒரு காரணம்னு கண்டுபிடிச்ச டீம்ல இவரும் இருந்தாரு. ஆனா அது குறிப்பிட்ட நரம்பு செல் பிரச்சனை, அதுக்கே இன்னும் முழுசா தீர்வு இல்ல, உடம்பு பூரா எல்லா செல்லயும் ஒரு கேப்சூல் காப்பாத்துமாம்.

முதுமைக்கு வருவோம், இது வேற டிபார்ட்மென்ட், நோட்டீஸ் ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி வெச்சிருக்கு. அதே புழுவுல 1993ல சிந்தியா கென்யன் டாஃப்-2ன்னு ஒரே ஒரு ஜீன மாத்தினா ஆயுசு டபுளுக்கு மேல ஆகுதுன்னு காட்டினாங்க, 18 நாள் வாழுறது 42 நாள். 1997ல கேரி ருவ்கன் அந்த ஜீன் நம்ம செல்லுல இன்சுலின் வந்து ஒட்டுற ரிசப்டர் மாதிரின்னு கண்டுபிடிச்சாரு. (இந்த ருவ்கனும் ஹார்விட்ஸ் லேப்ல இருந்து வந்தவர்தான், 2024ல மைக்ரோஆர்என்ஏன்னு ஜீன் வேலைய அடக்குற குட்டி ஆர்என்ஏவுக்காக நோபல் வாங்கினாரு, கூட வாங்கின விக்டர் ஆம்ப்ரோஸும் அதே லேப் ஆளு. என்ன லேப் சார் அது!) இதுல எங்கயும் செல் சாகாம தடுத்ததால ஆயுசு கூடுச்சுன்னு யாரும் சொல்லல. இன்னும் கேட்டா, வயசாக ஆக உடம்புல பிரியவும் பிரியாம, சாகவும் சாகாம உக்காந்துகினு பக்கத்து செல்லயும் கெடுக்குற செல் சேருது. 2011ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல சீக்கிரம் கிழடாகுற வகை எலியில அந்த மாதிரி செல்ல மட்டும் சாகடிச்சுப் பாத்தாங்க, வயசான கோளாறு சிலது தள்ளிப்போச்சு. ஆக இங்கயும் சாகுறதுதான் நல்லது.

உள்ள இருக்குற சரக்கு பத்தி. என்எம்என் உடம்புல என்ஏடியா (செல்லு சக்தி எடுக்கத் தேவைப்படுற ஒரு பொருள்) மாறும், என்ஏடி வயசோட குறையுது, அது வரைக்கும் சரி. மனுஷங்ககிட்ட பண்ண ஆராய்ச்சி சின்னச் சின்னதுதான். 2021ல வந்த ஒண்ணுல சுகர் வர்ற நிலைமைல இருந்த 25 பெண்கள், தினம் 250 மில்லிகிராம், 10 வாரம். தசையில இன்சுலின் வேலை செய்யறது கொஞ்சம் நல்லாச்சு, ஆனா ரத்த சர்க்கரை, எடை, பிபி எதுவும் மாறல. ரெஸ்வெரட்ரால் கதை இன்னும் சோகம். அத வெச்சு ஆரம்பிச்ச கம்பெனிய 2008ல கிளாக்ஸோன்னு பெரிய மருந்து கம்பெனி 72 கோடி டாலர் குடுத்து வாங்கி, 2010ல அந்த மருந்த நிறுத்தி, 2013ல ஆபீஸயும் மூடிட்டான். அவ்வளவு பணம் போட்டவனே விட்டுட்டான், மாமா ரெண்டு பாட்டில் வாங்குறாரு.

பாட்டில் பின்னாடி லேபிள மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் பாத்தேன். “ஹெல்த் சப்ளிமென்ட்”, அதுக்குக் கீழ எறும்பு சைஸ்ல “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல”. இது சட்டப்படி போட்டே ஆகணும். மருந்துன்னு சொல்லி வித்தா மருந்து விதிகள்ல இருக்குற ஷெட்யூல் ஜே படி இளமை திரும்பும், முதுமை போகும்னு வாயே திறக்கக்கூடாது. அதனால பாட்டில்ல உண்மை, நோட்டீஸ்ல வித்தை.

சாப்பிட்ட அனுபவம்? மாமா ஒரு பாட்டில் கிட்டத்தட்ட முடிச்சிட்டாரு. வயித்துக்கு ஒண்ணும் பண்ணல. தெம்பா இருக்குன்னாரு, ஆனா அதே சமயத்துலதான் ராத்திரி பரோட்டாவ விட்டாரு, எது வேலை செஞ்சுதுன்னு எப்படி சொல்றது. சுகர் ரீடிங் எப்பவும் போலதான். அத்தை தான் பாட்டில எடுத்துகினு போய் சுகர் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க, அவரு பாத்துட்டு சுகர் மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அது முக்கியம், இத நம்பி மாத்திரைய நிறுத்துற ஆளுங்க இருக்காங்க.

கடை பத்தி நியாயமா சொல்லணும்னா கடைக்காரர் நல்ல மனுஷன், பில் குடுத்தாரு, திறக்காத பாட்டில மறுபேச்சு இல்லாம வாங்கிகினு காசு குடுத்துட்டாரு, ஃப்ரீ வாட்டர் பாட்டில மட்டும் திருப்பிக் கேட்டாரு. கடைக்கு நாலு ஸ்டார், பாட்டிலுக்கு ஒண்ணு, அதுவும் பேக்கிங்குக்கு.

கடைசியா கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். உங்க நோட்டீஸ்ல சொல்ற நோபல் ஆராய்ச்சி புழுவுல நடந்ததுதானே, அப்புறம் எப்படி மனுஷனுக்குன்னு போட்டீங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் ஹோல்டுல போட்டுட்டு வந்து, “சார், எங்க ப்ராடக்ட் ஹண்ட்ரட் பர்சன்ட் வெஜிடேரியன் சார், புழு எதுவும் கலக்கல” ன்னுச்சு. அடுத்த நிமிஷம் மெசேஜ் வந்துச்சு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ரேட்டிங் குடுங்கன்னு.