டெக்சாஸில் பண்ணைக்குளம்: அனுமதி வேண்டுமா, வேண்டாமா?

டெக்சாஸில் நிலம் உங்களுடையதுதான். ஆனால் அதில் ஓடும் ஓடைநீர் மாநிலத்துடையது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அளவு
அனுமதி இல்லாமல்: வழக்கமான கொள்ளளவு 200 ஏக்கர்-அடி வரை, ஏறக்குறைய 24.7 கோடி லிட்டர். சிறு பண்ணைக்குத் தாராளம்.
அனுமதியோடு: அனுமதி ஆணையில் எழுதிய அளவு.

பயன்பாடு
அனுமதி இல்லாமல்: மாடு குடிக்கலாம், வீட்டுத் தோட்டத்துக்கும் பாய்ச்சலாம். அதே குழாயை விற்பனைக்கான தக்காளி வயலுக்குத் திருப்பினால், அனுமதி தேவையில்லை என்ற விலக்கு போய்விடும். பலர் சறுக்கும் இடம் இது. விளைந்தது வீட்டுக்கா, சந்தைக்கா என்பதுதான் கேள்வி.
அனுமதியோடு: வணிகப் பாசனமும் செய்யலாம்.

செலவு
முதலாவதில் குளம் வெட்டும் செலவுதான். இரண்டாவதில் விண்ணப்பக் கட்டணம், ஆய்வு, காத்திருப்பு எல்லாம் உண்டு.

வறட்சி
அனுமதிக்கு ஒரு தேதி உண்டு. முந்தியவருக்கே முதலில் தண்ணீர். புதிதாக வாங்கியவர் வறட்சியில் காத்திருக்க நேரலாம்.

மாடு மட்டும் வளர்ப்பவர் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. காய்கறி விற்கும் எண்ணம் துளியாவது இருந்தால், தயவுசெய்து கரை போடும் முன்பே டெக்சாஸ் சுற்றுச்சூழல் தர ஆணையத்திடம் கேளுங்கள்.