என் கையை வரைந்து அனுப்பச் சொன்னார், ₹1,85,000 வாங்கிக்கொண்டார்

தனியாகச் சொல்லிச் செய்யும் எலெக்ட்ரிக் கிடாருக்கு யாராவது முன்பணம் கட்டப்போகிறீர்கள் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நான் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நேற்று முன்தினம்தான் அந்தக் கிடாரின் நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தை, உடலோடு பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பார்த்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை; எழுத்து முன்பின்னாக இருந்தால் மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவன். வாரநாளில் அச்சக வேலை, முகூர்த்த நாளிலும் திருவிழாவிலும் மேடை. பிறவியிலேயே இடது கைக்காரன். கடையில் ஐம்பது கிடார் தொங்கினாலும் எங்களுக்கென்று ஒன்று இருக்காது. அதனால் 14 வருடமாக வலது கைக் கிடாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி வாசித்து வந்தேன். அமெரிக்க ராக் கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸே அப்படித்தான் வாசித்தார் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. வாசித்தார்தான். ஆனால் அவர் முழங்கை வால்யூம் குமிழில் பட்டு, தாலி கட்டும் நேரத்துப் பாட்டில் ஓசை படுத்துவிட்டது என்று எந்தப் பெண் வீட்டாரும் அவரை முறைத்திருக்க மாட்டார்கள். நெக்கின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகளில் மேலே உள்ளவற்றுக்கு விரல் எட்டாது, கேபிள் செருகும் துளை மேல்பக்கம் வந்து கையில் இடிக்கும். இதெல்லாம் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மேடையிலும் எரிச்சல்பட்டவன் நான்.

தெரிந்த கடைக்காரர் ஒருவர், தொழிற்சாலையில் செய்த இடது கைக் கிடாரை 68,000 ரூபாய்க்கு வரவழைத்துத் தருகிறேன் என்றார். நான்கு மாதம் ஆகும், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார். அன்று அவர் பேச்சு எனக்குக் கறாராகப் பட்டது. இப்போது நினைத்தால் அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஒரு சமூக ஊடகப் பக்கம் கண்ணில் பட்டது. வேறு மாநிலத்தில் பட்டறை, ஆனால் நன்றாகத் தமிழ் பேசும் மனிதர். உளி ஓடும்போது சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதையும், சாம்பிராணிப் புகைபோல மரத்தூள் எழும்புவதையும் வீடியோவாகப் போடுவார். பின்னணியில் மெல்லிய இசை. நான் இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

முதல் முறை பேசியபோது அவர் விலையையே பேசவில்லை. குயீன் இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயும் அவருடைய அப்பாவும் பழைய கணப்பின் மரச்சட்டத்தை அறுத்துக் கிடார் நெக் செய்த கதையைச் சொன்னார். பெரிய அமெரிக்கக் கிடார் நிறுவனமான ஃபெண்டரே 1987இல் தனியாக ஒரு கஸ்டம் பிரிவு தொடங்கியது ஏன் தெரியுமா என்று கேட்டார். "அங்கே உங்கள் பெயரைச் சொல்லிச் செய்தால் நாலைந்து லட்சம் ஆகும் சார். நான் அதே வேலையை ஒரு ஆளாக உட்கார்ந்து செய்கிறேன்" என்றார். பிறகு ஒரு மரப்பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். கைபேசியில் கேட்கும் ஓசையில் என்ன தெரியும்? ஆனாலும் எனக்கு மணி அடித்ததுபோல் இருந்தது. "கேட்டீர்களா சார்? இதுதான் உங்கள் கிடார்."

அப்புறம் ஒன்று சொன்னார். அதில்தான் விழுந்தேன்.

"ஃபிரெட் பிடிக்கும் கையை ஒரு வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். உங்கள் கட்டைவிரல் எங்கே உட்காருகிறதோ அதற்குத் தகுந்த மாதிரிதான் நெக்கைச் சீவுவேன்."

பதினான்கு வருடத்தில் என் கை எப்படி இருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவர். என் வலது கையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்தேன். ஆறாவது படிக்கும் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வரைந்தாள். சுண்டுவிரல் பக்கம் கோடு நடுங்கிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். என் மனைவி மட்டும், "பணம் கட்டும் முன்னால் கையைக் கேட்கிறாரே, கிடார் செய்பவரா, கைரேகை ஜோசியரா?" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன்.

மொத்தம் 1,85,000. முன்பணம் 1,10,000. சீட்டு எடுத்த பணம். ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் முதல் நாள் ஒரு லட்சமும் மறுநாள் பத்தாயிரமும் கைபேசியிலேயே அனுப்பினேன். "பில் போட்டால் வரி கூடும் சார், வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

தீபாவளிக்குத் தருவதாகப் பேச்சு. தீபாவளிக்கு நெக் மரம் இன்னும் பதமாகவில்லை என்றார். மார்கழியில் பனி, பாலிஷ் காயவில்லை. பொங்கலுக்கு வேலையாள் ஊருக்குப் போயிருந்தார். மாசியில் ஒரு நாள், பாதி செய்த கிடாரின் படம் வந்தது; கூடவே மீதி 75,000 அனுப்பினால் கிடார் கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்புக்குக் கம்பி சுற்றத் தொடங்கலாம் என்று ஒரு செய்தியும். அனுப்பினேன். அதோடு 1,85,000 முழுதாகப் போய்ச் சேர்ந்தது. கிடார் சித்திரையில் வந்தது.

பெட்டியைத் திறந்தபோது அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தேன் நிறம், கண்ணாடிப் பளபளப்பு. வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். சுருதி சேர்த்து முதல் கார்டு பிடித்தேன், நன்றாக இருந்தது. மேலே போகப் போக ஏதோ உறுத்தியது. 12ஆம் ஃபிரெட்டுக்கு நேரே கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்து மீட்டினால் மணியோசைபோல ஒரு சுரம் எழும். அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்டினாலும் அதே சுரம்தான் வர வேண்டும். தடித்த கம்பியில் 20 சென்ட் ஏறி நின்றது, அதாவது ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கிடார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளினால் சரியாகும் என்று திருகினேன். அது ஏற்கெனவே கடைசிவரை பின்னால்தான் இருந்தது.

ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் 324 மில்லிமீட்டர். 25.5 அங்குலக் கம்பி நீளத்துக்கு அது சரியான பாதி. அங்கிருந்து சேடில் வரை இன்னொரு 324ம், தடித்த கம்பிக்கு அதற்கு மேல் சில மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். இருந்தது 320. பிரிட்ஜையே தள்ளித் துளை போட்டிருக்கிறார். இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. முதல் கிடார் செய்யும் மாணவன்கூட நான்கு தடவை அளந்துவிட்டுத்தான் துளை போடுவான். ஒத்திகைக்கு எடுத்துப்போனேன். எங்கள் கீபோர்டு அண்ணன் இரண்டு பாட்டு பொறுத்தார். மூன்றாவதில், "தம்பி, உன் கிடார் எங்கள் எல்லோரோடும் சண்டை போடுகிறது" என்றார்.

ஸ்கேல் வைத்த படத்தோடு புகார் சொன்னேன். வந்த பதில்களை அப்படியே தருகிறேன். "புது நெக் சார், கை பழக வேண்டும்." பிறகு, "உங்கள் ஊர் வெயிலுக்கு மரம் அசைந்திருக்கும்." பிறகு, "கையால் செய்த கிடார் வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும்." மதுரை வெயிலில் நான்கு மில்லிமீட்டர் நகரும் பிரிட்ஜை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. திருப்பி அனுப்புகிறேன், பணத்தைக் கொடுங்கள் என்றதும், "உங்கள் கைக்கென்றே செய்ததை வேறு யாருக்கு நான் விற்பது?" என்றார். வரைந்து வாங்கிய கை அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். அதற்குப் பிறகு செய்தி போகும், இரண்டு நீலக் குறி விழும், அவ்வளவுதான்.

கடைசியில் இரவு பஸ் ஏறிச் சென்னையில் கிடார் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். முப்பது வருடக் கை. கிடாரை வாங்கியதும் வாசித்துப் பார்க்கவில்லை. நெக்கின் ஓரத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தில் ஃபிரெட் கணக்குக்குச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும் அல்லவா, அவை சரியாகவே இருந்தன. அவர் எதிர் ஓரத்தைக் காட்டினார். அங்கேயும் அதே இடங்களில் புள்ளிகள் இருந்து, கறுப்புப் பசை வைத்து அடைத்திருந்தது. விரல் நகத்தால் ஒன்றைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை.

"வலது கை நெக் தம்பி. வாங்கி மாட்டியிருக்கிறார்கள்."

இரண்டு பக்கமும் மும்மூன்று டியூனிங் கீ வைத்த தலைதான் அழகு என்று கிடார் செய்து கொடுத்தவர் வற்புறுத்தியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்தத் தலையில் இடது வலது தெரியாது. ஆறு கீயும் ஒரே பக்கம் இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். நான்கு திருகாணிகளையும் கழற்றினார். நெக்கின் அடியில் தொழிற்சாலை முத்திரை எண், பாதி தேய்த்தும் தேயாமலும். ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1950களில் நெக்கைத் திருகாணி போட்டு மாட்டும் முறையைப் பிடித்துக்கொண்டதே, நெக் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம் என்ற வசதிக்காகத்தான் என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னை ஏமாற்றிய ஆளை இதுவரை 'அவர்' என்றே எழுதிவிட்டேன். இனி எனக்கு அது வராது.

ஈட்டி மரம் என்று அவன் சொன்ன ஃபிங்கர்போர்டை, அதாவது நெக்கின்மேல் விரல் அழுத்தும் பலகையை, ஈரப் பஞ்சால் துடைத்தால் கறுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. கையால் சுற்றிய, அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் வைத்த பிக்அப் என்றான். மூடியைக் கழற்றினால் உலோக மினுப்புள்ள காந்தம் இல்லை, கருஞ்சாம்பல் நிறத்தில் பீங்கான் காந்தக் கட்டி. பீங்கான் காந்தம் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை, நல்ல பிக்அப்புகள் அதிலும் உண்டு. ஆனால் அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் 28,000 ரூபாய் கணக்குச் சொல்லியிருந்தான்.

கூடுதல் விலை தகுமா என்று கேட்பவர்களுக்கு, பெரியவரிடம் நான் கேட்டதையே சொல்கிறேன். கிடாரில் மரத்துக்குப் போகும் காசு கொஞ்சம்தானாம். 22 ஃபிரெட்டையும் ஒரே மட்டத்துக்குத் தேய்த்து, முனைகளை உருட்டி, நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் பள்ளம் வெட்டுவதில்தான் ஆள் நாட்கணக்கில் உட்கார வேண்டும். இன்று நல்ல தொழிற்சாலைகள் அதில் பெரும்பகுதியை இயந்திரத்தில் சுத்தமாகச் செய்துவிடுகின்றன. அதைத் தாண்டி ஒருவர் கை செய்யக்கூடியது நெக்கின் வளைவும் எடையும் உங்கள் உடம்புக்கு ஏற்ற அமைப்பும். அதைச் செய்து தருபவருக்கு இரண்டு லட்சம் கொடுத்தாலும் தகும் என்றே இப்போதும் நினைக்கிறேன். எனக்கு 68,000க்கு வரவேண்டிய கிடாரைவிட 1,17,000 கூடக் கொடுத்து, அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பெரியவர் பிரிட்ஜ் துளைகளை அடைத்து வேறு இடத்தில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 6,000 ஆகும். நெக்கை ஒன்றும் செய்ய முடியாது.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அச்சகத்திலிருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பில் வாங்குங்கள், வரியைக் கட்டித் தொலையுங்கள். இன்னார் செய்த கிடாரை ஒரு வருடமாவது வாசித்தவர் ஒருவரை நேரில் பாருங்கள், வீடியோவை நம்பாதீர்கள். நெக் பாதி சீவியிருக்கும்போது உங்கள் பெயரை அதன்மேல் பென்சிலால் எழுதிப் படம் கேளுங்கள். மீதிப் பணத்தைக் கிடாரைக் கையில் வாங்கி, 12ஆம் ஃபிரெட்டில் சோதித்த பிறகே கொடுங்கள்; ஸ்கேல் போதும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அவனுடைய குரல் பதிவுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். மகள் வரைந்த கையையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை திருமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பழைய கிடாருக்குக் கம்பி மாற்ற வேண்டும்.