நித்திரை கொள்ளாத பெட்டி

கொக்குவில் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், என்ர மெஷினுக்கு விண்டோஸ் 11 ஏறாதாம். உன்னை மாதிரி லினக்ஸும் சேர்த்துப் போடட்டோ? கரண்டும் மிச்சமாம், உண்மையோ?" விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்ததிலிருந்து இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு வொய்ஸ் அனுப்பி அலுத்துப்போய், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ரைசன் 5 5600ஜி புரொசசர் போட்ட கணினி. இரண்டரை வருடமாக விண்டோஸும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான மின்டும் ஒரே எஸ்எஸ்டி டிஸ்க்கில் குடியிருக்கின்றன. பின்னேரங்களில் கலியாணவீடு, சாமத்தியவீட்டு அல்பம் அடுக்கிக் கொடுப்பேன். அதற்கு போட்டோஷொப்பும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவும் வேண்டும், அதனால் விண்டோஸ். மற்றதெல்லாம் மின்டில்.

போடுவது பெரிய வேலை இல்லை. முதலில் விண்டோஸ், பிறகு மின்ட். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வேகத் தொடக்க வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அது முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும், மின்டிலிருந்து விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் ஒன்றும் எழுத முடியாது. மணிக்கூடும் குழம்பும். மின்ட் மதர்போர்டிலுள்ள கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். எங்களுக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். இரவு ஏழு மணிக்கு வேலைக்கு உட்கார்ந்தால் திரையில் மதியம் ஒன்றரை! மின்டில் ஒரு வரிக் கட்டளையோடு அது சரி.

சரியாகாத விஷயம் நித்திரை.

வேலைக்குப் போகும்போதும் படுக்கப் போகும்போதும் சஸ்பெண்ட் கொடுத்து, அதாவது பெட்டியை நித்திரைக்கு அனுப்பிவிட்டு, மொனிட்டரையும் அணைத்துவிட்டு எழும்பிவிடுவேன். இரண்டு மாதம் கரண்ட் பில் ஏறியது, வெயில் காலம், காத்தாடிதான் என்று நினைத்தேன். ஒரு இரவு அப்பா வந்து கதவடியில் நின்றார். "தம்பி, உன்ர பெட்டி நித்திரை கொள்ளேல்லை." காதைக் கொடுத்தேன். உள்ளே ஃபான் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சஸ்பெண்ட் ஆகி இரண்டு செக்கனில் தானே எழும்பியிருக்கிறது, ஒவ்வொரு நாளும்.

அப்பாவுக்குக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. 90களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலம், சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி மிதித்து, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆள் அவர். ஆளில்லா அறையில் ஒன்று ஓடினால் அவருக்கு உடம்பு கூசும்.

டவுனில் வாங்கிய பிளக் மீற்றரைச் செருகிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது பெட்டி மட்டும் 55 வாற்று. பகல் ஒன்பது மணித்தியாலம், இரவு ஏழு. மாதக் கணக்கில் 26 யூனிட், யாருக்கும் பயனில்லாமல். எங்கள் வீடு வழக்கமாக 105 யூனிட் எடுக்கும் வீடு. இலங்கை மின்கட்டணத்தில் மாதம் 120ஐத் தாண்டினால் மேற்கொண்டு வரும் யூனிட்டின் விலையும் கூட, நிலையான கட்டணமும் கூட. அந்த 26 எங்களைச் சரியாக வேலிக்கு அப்பால் தூக்கிப் போட்டது.

தேடிப் பார்த்ததில் இந்தப் போர்டின் வியாதி என்று தெரிந்தது. யார் யார் பெட்டியை எழுப்பலாம் என்று லினக்ஸின் மையமான கேர்னலில் ஒரு வேக்கப் பட்டியல் இருக்கிறது. அதில் 'ஜிபிபி0' என்ற பெயரை அணைத்தால் நித்திரை வரும். அணைத்தேன், வந்தது. காலையில் ரீஸ்டார்ட் செய்தால் பழைய குருடி. அந்தப் பட்டியல் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக வரும் என்பதால், தொடக்கத்திலேயே ஓடும்படி, வேலைகளைத் தானாக ஓட்டும் குரொனில் ஒரு வரி போட்டேன். ரீஸ்டார்ட் செய்யாமலே சோதித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, பூட்டில் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியில் அதே வேலைக்கு ஒரு சேவையும் எழுதினேன். அப்புறம் மூன்று கிழமை மண்டையைப் பிய்த்தேன். விஷயம் என்னவென்றால், அந்தப் பட்டியலில் பெயரை எழுதினால் அது அணைக்கும் கட்டளை அல்ல, சுவிட்சைத் தட்டுவது மாதிரி. முதல் தட்டில் அணையும், அடுத்த தட்டில் எரியும். குரொன் அணைத்ததை என்னுடைய சேவை ஒவ்வொரு காலையும் திரும்ப எரித்துக்கொண்டிருந்தது. இதை உருவாக்கிய மகானுபாவர் யாரோ, ஏன் 'அணை' என்று ஒரு சொல் வைக்கவில்லை?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றினேன், 5600ஜிக்குள்ளேயே ஒன்று இருக்கிறதே, அல்ப வேலைக்கு அது போதும். 55 வாற்று 30 ஆனது. வேறு எந்த வித்தையும் அவ்வளவு தரவில்லை. கரண்ட் மிச்சம் பிடிக்க வழி சொல்லும் பவர்டொப் என்ற கருவி சொன்னதையெல்லாம் செய்து கிடைத்தது இரண்டு வாற்று. நித்திரையில் இப்போது 3. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில் ஈஆர்பி என்ற மின்சேமிப்பு வசதியைப் போட்டபின், முழுதாக அணைத்தால் மீற்றரில் ஒன்றுகூட இல்லை. பில் 120க்குக் கீழே வந்துவிட்டது. மின்டும் இரண்டரை வருடத்தில் ஒருநாளும் என்னை நடுவழியில் விடவில்லை.

ஆனால் முந்தாநாள் பயோஸ் அப்டேட் ஒன்று போட்டேன். இரவு பதினொன்றரைக்குத் திரும்ப அந்த ஃபான் சத்தம். பட்டியலில் இப்போது வேறு ஒரு பெயர் விழித்திருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை, சுவரில் பிளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

ஆகவே மச்சான், கேட்டபடியால் சொல்கிறேன்: போடாதே. மின்ட் போட்ட பென்டிரைவ் மேசை லாச்சியில் கிடக்கிறது, ஞாயிறு வந்து எடு. வரும்போது உன்ர கரண்ட் பில்லையும் கொண்டு வா.