மாதவரம் செல்ஃப் மோட்டார் கடையும் அணைத்தால் எடுக்க மறுத்த என் டிராக்டரும்

சென்னையில், மாதவரம் ரவுண்டானாவிலிருந்து புழல் நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையில், ஒரு டயர் கடைக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவே, பெயர்ப் பலகை இல்லாத செல்ஃப் மோட்டார் (எஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், வாசலில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு மேசை, அதன் மேல் எப்போதும் பிரித்துப் போட்ட நிலையில் நான்கைந்து மோட்டார்கள். கடை என்று சொல்ல அவ்வளவுதான். டிராக்டரை வேலைக்கு நடுவே அணைப்பதா, ஓடவிடுவதா என்று என் ஓட்டுநருடன் இரண்டு ஆண்டுகளாக நடந்துவந்த வாக்குவாதம் இந்தக் கடையில்தான் முடிவுக்கு வந்தது.

என்னிடம் 42 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர்கள் இரண்டு உள்ளன. ஒன்று 5,000 லிட்டர் தண்ணீர் டேங்கரை இழுக்கிறது, மற்றது டிரெய்லருடன் மணலும் கட்டட இடிபாடும் ஏற்றுகிறது. இந்தத் தொழிலில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போர்வெல் பாயின்ட்டில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்க வேண்டும், குடியிருப்பு வாசலில் காவலாளி சாவியைத் தேடி எடுத்து வரும்வரை நிற்க வேண்டும், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அதற்குப் பின்னால் கணக்கே இல்லாமல் நிற்க வேண்டும். இத்தனை நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேட்டால், ஒருமுறை ஸ்டார்ட் செய்யப் பத்து நிமிட டீசல் செலவாகும் என்பார்கள். எஞ்சின் சூடாகவே இருந்தால்தான் ஆயுள் என்பார்கள். சில நொடிகள் மட்டுமே சுற்றும் ஸ்டார்ட்டுக்குப் பத்து நிமிட டீசலை எஞ்சின் எங்கே வைத்துக் குடிக்கும் என்பதை எவரும் விளக்கியதில்லை. பனி உறையும் ஊர்களில் சூட்டைப் பற்றிக் கவலைப்படலாம். மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் நம் ஊரில் அந்தக் கவலைக்கு இடமே இல்லை.

என் ஓட்டுநர் சொன்ன காரணம் மட்டும் நேர்மையானது. "அணைச்சா மறுபடி எடுக்காதுண்ணே" என்பார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது, நான் வற்புறுத்தி அணைக்கச் சொன்ன ஒரு மதியத்தில், எண்ணூர் விரைவுச் சாலையில், நிறைந்த டேங்கருடன் தெரிந்தது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஐந்து டன் தண்ணீரைப் பின்னால் வைத்துக்கொண்டு தள்ளி ஸ்டார்ட் செய்வது நடக்காத காரியம். முன்னும் பின்னும் லாரிகள் ஹாரன் அடிக்க, வேறொரு டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கு முன்பே, ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஓராண்டில் இரண்டு பேட்டரிகள் மாற்றியிருந்தேன். பிறகு யாரோ சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செம்பியத்தில் சிம்சன் எஞ்சின் ஆலை இருப்பதாலோ என்னவோ, டீசல் எஞ்சின் தெரிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் என்றுமே பஞ்சமில்லை; ஆனால் பேசுவதற்கு முன் மீட்டரைக் கையில் எடுக்கும் மனிதரை நான் பார்த்தது இங்கேதான். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார், 12.5 வோல்ட் காட்டியது. "பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும், மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. அதாவது, செல்ஃப் மோட்டாருக்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜில் ஒரு பகுதி, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதையில், எர்த்து ஒயரிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. ஒயரைச் சேஸிஸில் பிணைக்கும் போல்ட்டைக் கழற்றியதும் ஒயர் நுனியிலுள்ள உலோக வளையமான லக்கிலிருந்து பச்சை நிறப் பொடி கைநிறைய உதிர்ந்தது. எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் தினமும் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்று செய்யும் வேலை இது. மேலே இருக்கும் பேட்டரி முனையைத் துடைத்துக் கிரீஸ் பூசும் நாம், கீழே கண்ணில் படாத இந்த முனையை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை.

அதோடு அவர் விடவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். கார்பன் பிரஷ்கள் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தன. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை குழிவிழுந்து கறுத்திருந்தது. அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்ததால், உள்ளே சுழலும் ஆர்மேச்சர் ஓரமாக உரசிய கோடும் தெரிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் புதிய பாகத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் மாற்றினார். பிரஷ், புஷ், சோலனாய்டு, தடித்த புதிய எர்த்து ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய் ஆனது. நான் தேவையில்லாமல் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் ஒன்றின் விலையில் பாதிகூட இல்லை.

வண்டி ஒரே சுற்றில் எடுத்தபின், ஓடவிடுவதால் என்ன செலவு என்று அறிய எனக்கு ஆசை வந்தது. அதற்கும் அவரே வழி சொன்னார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் ஊற்றி அதிலிருந்து எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட்டால்தான் கணக்குச் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் சுமையில்லாமல் ஸ்லோவில் ஓடவிட்டதில் சுமார் 900 மில்லி குறைந்தது. என் டேங்கர் வண்டி வெறுமனே நின்று ஓடிய நேரம் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மாதம் 26 நாள் வேலை, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், மாதாமாதம் ஐயாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் புகையாகப் போயிருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுவரோரமாகவே நின்றுகொண்டு டீசலை இப்படி எரித்திருக்கிறோம்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சினின் எரியறை போதுமான சூட்டை எட்டுவதில்லை. அதனால் டீசல் முழுமையாக எரியாமல் நாசில் முனையில் கரியாகப் படிகிறது, மிச்சம் சிலிண்டரின் உள்சுவரான லைனரில் வழிந்து கீழே எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. சைலன்சர் வாயில் கறுப்பாகக் கசியும் பிசுக்கு அதன் அடையாளம். என் வண்டியில் அது இருந்தது, நான் பழைய எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரியும் ஏறுகிறது என்று ஓட்டுநர் சொல்லும் சமாதானமும் அரைகுறைதான், ஏனென்றால் ஸ்லோவில், பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்ட் குறைவு.

எல்லா நேரத்திலும் அணைத்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. அவரை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பி.டி.ஓ.வில் (எஞ்சின் விசையை வெளிக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்க அச்சு) பம்ப் மாட்டி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். முழுச் சுமையோடு மேம்பாலம் ஏறி வந்த வண்டியையோ, சோழவரம் பக்கம் வயலில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டிய வண்டியையோ சட்டென்று அணைத்தால், தண்ணீரும் ஆயிலும் சுற்றுவது நின்று சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே தேங்கும். இரண்டு நிமிடம் ஸ்லோவில் விட்டு அணைப்பது நல்லது. டர்போ உள்ள வண்டிக்கு இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும், ஏனென்றால் டர்போவின் அச்சைக் குளிர்விப்பது எஞ்சின் ஆயில்தான். அடிக்கொருதரம் நகரும் வரிசையில் அணைத்து அணைத்து எடுப்பதும் செல்ஃபுக்குத் தண்டனைதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் அணை என்பது அவர் கணக்கு. நான் அதை அப்படியே ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டேன். ஸ்டாப்பரை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனிலேயே விட்டுவிடும் பழக்கத்தையும் கடைக்காரர் கண்டித்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

குறைகளும் உண்டு. கேட்டால்தான் பில், அதுவும் துண்டுச் சீட்டில். மூன்று மாத உத்தரவாதம் வாய்வார்த்தையில் மட்டுமே. காலையில் தருகிறேன் என்ற மோட்டார் மாலை நான்கு மணிக்குத்தான் கிடைத்தது, ஒரு நாள் டிரிப் போனது. ஆல்டர்னேட்டர் காயில் கட்டும் வேலையை வெளியில் கொடுத்து வாங்குகிறார், அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பொறுமையில்லாதவர்கள் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவது உத்தமம்.

பழுது பார்த்து எட்டு மாதமாகிறது. இடையில் ஒருமுறைகூட செல்ஃப் ஏமாற்றவில்லை. அணைத்த வண்டி எடுக்கும் என்ற தைரியம் வந்தபின் ஓட்டுநரே யாரும் சொல்லாமல் அணைக்கிறார். சென்ற வாரம் இரண்டாவது டிராக்டரின் எர்த்து ஒயரையும் மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்கு ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை கூட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் போனால் நின்று பேசுவார். வண்டியை வாசலில் ஓடவிட்டுவிட்டு மட்டும் உள்ளே போகாதீர்கள். கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, அவரே எழுந்து வந்து ஸ்டாப்பரை இழுத்துவிடுவார்.