சாரதி அனுமதிப்பத்திரம் தயாரா: தொலைபேசி, இணையம், தபாலகம், வெரஹெர ஆகியவற்றில் எதை நாடுவது?

எழுத்துப் பரீட்சையிலும் செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைந்து, அல்லது காலாவதியான அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்து, தற்காலிக அனுமதிப்பத்திரத்துடன் வாகனம் ஓட்டுகின்ற கொழும்பு வாசிகளுக்குப் புதிய அட்டை ஆயத்தமாகிவிட்டதா என்று அறிவதற்கு நான்கு வழிகள் உள்ளன. தொலைபேசியில் கேட்கலாம், இணையத்தளத்தைப் பார்க்கலாம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்துக்கு நேரே போகலாம், அட்டை பதிவுத் தபாலில் அனுப்பப்படுவதால் தபாலகத்திலும் விசாரிக்கலாம். பெரும்பாலானோர் மூன்றாவதையே முதலில் நாடுகின்றனர். அது பிழையான வரிசை என்பது என் உறுதியான கருத்து. அட்டை அச்சிடப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அச்சிடப்பட்ட அட்டை இப்போது எங்கே இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் எந்த வழி எதற்குப் பயன்படும் என்பது தெளிவாகிவிடும்.

தொலைபேசிக்கு உள்ள பெரும் அனுகூலம் மொழி. அரசாங்கத் தகவல் மையத்தின் 1919 இலக்கத்தை அழைத்துத் தமிழில் பேசலாம். எந்த ஆவணங்கள் வேண்டும், எந்தக் கிளையை அணுக வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பன போன்ற பொதுவான விபரங்களுக்கு இதைவிட இலகுவான வழி இல்லை. குறித்த ஒருவருடைய அட்டையின் நிலையை அறிவதற்கோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையே அழைக்க வேண்டும். அங்கே இணைப்புக் கிடைப்பதற்குப் பொறுமை தேவை. அழைக்கும்போது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் தற்காலிக அனுமதிப்பத்திரத்தையும் கையில் வைத்திருங்கள். "அச்சிட்டாயிற்று" என்ற பதிலோடு அழைப்பை முடித்துவிடாமல், அனுப்பப்பட்ட திகதியையும் பதிவுத் தபால் இலக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இலக்கம் கிடைக்காவிட்டால் அடுத்த கட்டம் முழுவதும் இருட்டில் தேடுவதாகிவிடும்.

இணையத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திணைக்களத்தின் இணையத்தளம் படிவங்களுக்கும் அறிவித்தல்களுக்கும் உதவும். 2022 இல் டொலர் தட்டுப்பாட்டினால் அட்டைகளுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டு, இலட்சக்கணக்கானோர் தற்காலிக அனுமதிப்பத்திரத்துடன் காத்திருக்க நேர்ந்தபோது, அவற்றின் செல்லுபடிக் காலம் நீடிக்கப்பட்டதைப் போன்ற அறிவித்தல்களைக் கவனித்தவர்கள் வீண் பயணத்தைத் தவிர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். இணையத்தில் புதுப்பிக்கப்படும் வருமான அனுமதிப்பத்திரம் வாகனத்துக்கு உரியது. அது மாகாண சபையின் பொறுப்பில் உள்ளது. சாரதி அனுமதிப்பத்திரம் மத்திய அரசின் திணைக்களத்துக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பிரதேச செயலகக் கருமபீடத்தில் வரிசையில் நின்றவர்களை நான் அறிவேன்.

வெரஹெரவுக்குப் போவதன் பயன் மறுக்க முடியாதது: கோப்பு அங்கே இருக்கிறது, அதைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய உத்தியோகத்தரும் அங்கே இருக்கிறார். கொழும்பு–ஹொரணை 120ஆம் இலக்க பஸ் வண்டி பாமன்கடை, கொஹுவலை, பொரலஸ்கமுவ வழியாக வெரஹெரவைக் கடந்தே செல்வதால் வெள்ளவத்தையிலிருந்து போவது கடினமன்று. கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ இருப்பவர் புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாற வேண்டும். ஆனாலும் அதற்கு ஒரு வேலை நாளை இழக்க வேண்டியிருக்கிறது. சிங்களம் சரளமாக வராதவருக்கு ஒவ்வொரு கருமபீடத்திலும் தயக்கம் வேறு. அரைநாள் நின்று, "தபாலில் அனுப்பிவிட்டோம்" என்ற ஒரு வசனத்தை மட்டும் கேட்டுத் திரும்புவது மிகவும் வேதனையானது. அந்த வசனத்தைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். தற்காலிக அனுமதிப்பத்திரம் முடிவடையப் போகிறது, அட்டை திணைக்களத்துக்கே திரும்பிவிட்டது, அல்லது பெயரிலோ வாகன வகுப்பிலோ பிழை இருக்கிறது என்ற மூன்று சந்தர்ப்பங்களில் நேரே போவதே சரி. அப்போது தேசிய அடையாள அட்டை, தற்காலிகப் பத்திரம், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, பழைய அட்டையின் பிரதி ஆகிய அனைத்தையும் கொண்டுபோங்கள். வாசலில் அணுகும் தரகர்களிடம் இவற்றில் ஒன்றையும் கொடுக்க வேண்டாம்.

பலர் நினைத்தும் பார்க்காத வழி தபாலகம். நான் மிகுந்த மதிப்பு வைத்திருப்பதும் அதன்மீதுதான். அட்டை பதிவுத் தபாலில் வருவதால் ஒருவர் கையொப்பமிட்டே அதைப் பெற வேண்டும். தபால்காரர் வரும் முற்பகல் வேளையில் கணவனும் மனைவியும் வேலையில், பிள்ளைகள் பாடசாலையில். அடுக்குமாடித் தொகுதியாக இருந்தால் காவலாளி பொறுப்பேற்க மறுத்துவிடுவார். தபால்காரர் விட்டுச் சென்ற அறிவித்தல் துண்டு தவறிப்போனால், அட்டை தபாலகத்தில் சில காலம் கிடந்து, பின்னர் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வீட்டுக்காரர் அதை அறியாமல் இன்னும் அச்சிடவில்லை என்றே எண்ணிக்கொண்டிருப்பார்.

இதில் கொழும்புத் தமிழருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அந்த 8 ஆண்டுகளில் வாடகை வீடு மாறாத குடும்பங்கள் இங்கே குறைவு. பலருடைய தேசிய அடையாள அட்டையில் இன்னமும் யாழ்ப்பாணத்தின் அல்லது மட்டக்களப்பின் ஊர் முகவரியே இருக்கிறது. விண்ணப்பத்திலும் அதே முகவரி சென்றிருந்தால், விசாரிக்க வேண்டிய இடம் வெள்ளவத்தைத் தபாலகம் அன்று, ஊரில் உள்ள தபாலகம். அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ சொல்லித் தபால்காரரைக் கேட்கச் செய்தால் தீரக்கூடிய காரியத்துக்காக வெரஹெரவில் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம்.

இந்த அலைச்சலை விரும்பாதவர்களுக்கு, கூடுதல் கட்டணத்துடன் ஒருநாள் சேவை இருக்கிறது. வெளிநாடு செல்லவிருப்பவர்கள் அதையே தெரிவு செய்ய வேண்டும். அங்கே காகிதத்தில் உள்ள தற்காலிகப் பத்திரத்தை நம்பியிருக்க முடியாது.

எல்லா வழிகளிலும் கேட்டுப் பதில் கிடைக்காதவருக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கோரிக்கை விடுத்தால், தகவலை வழங்குவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்ப இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அட்டை அச்சிடப்பட்ட திகதி, தபாலில் சேர்க்கப்பட்ட திகதி, பதிவுத் தபால் இலக்கம், அனுப்பப்பட்ட முகவரி என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.