எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் புலமைப்பரிசில்: வன்னியிலிருந்து சென்று கற்றவரின் மதிப்பீடு

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் வன்னியில் பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. காணியை ஈடு வைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமாவைக் கேட்கலாமா என்பதில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே அந்தப் பேச்சு முடிந்தும் விடுகிறது. காணியைத் தொடாமல் இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் படித்துவிட்டுத் திரும்ப வழி உண்டு என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் என்னும் கூட்டு முதுமாணித் திட்டம் அத்தகைய ஒரு வழி. அதில் நிலத்தடி நீர் தொடர்பான கற்கைநெறியை போர்த்துக்கலின் லிஸ்பன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜேர்மனியின் டிரெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் முடித்து, இப்போது கிளிநொச்சியில் நீர் சார்ந்த பணியில் இருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இந்தத் திட்டத்தை மதிப்பிடுகிறேன்.

திட்டத்தின் அமைப்பை முதலில் சொல்லவேண்டும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரே கற்கைநெறியை நடத்துகின்றன. மாணவர் தம் வதிவிட நாடு அல்லாத குறைந்தது இரண்டு நாடுகளில் தங்கிப் படிப்பது கட்டாயம். விண்ணப்பத்தை ஒரு பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ அனுப்புவதில்லை, விரும்பிய கற்கைநெறியின் கூட்டமைப்புக்கு இணையவழியில் நேரடியாக அனுப்பவேண்டும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வயதெல்லை இல்லை, இறுதியாண்டில் இருப்பவரும் பட்டம் உரிய காலத்துக்குள் கிடைத்துவிடும் என்று காட்டி விண்ணப்பிக்கலாம். நீர், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், தரவியல், கல்வியியல், இலக்கியம் என்று துறைகள் விரிந்து கிடக்கின்றன. பொறியியல் படித்தவருக்கு மட்டும் உரிய வாய்ப்பு என்று கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் சில மாணவர் நினைத்திருப்பதைக் கண்டேன், அது சரியன்று.

பணத்தைப் பொறுத்தவரை இத்திட்டம் நேர்மையானது. புலமைப்பரிசில் பெற்றவரிடம் கற்கைக் கட்டணம் எதுவும் பெறப்படுவதில்லை. காப்புறுதியும் அதனுள் அடங்கும். மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. லிஸ்பனிலும் டெல்ஃப்டிலும் வாடகை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், டிரெஸ்டனில் கையில் சற்று மிஞ்சும். சிக்கனமாக வாழ்பவருக்கு இது போதும். ஆனால் 2021ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பின் பயணச் செலவு, விசாச் செலவு, குடியேறும் செலவு எல்லாம் இந்த ஒரே தொகைக்குள் அடக்கப்பட்டுவிட்டன. அந்தத் தொகையும் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே கைக்கு வருகிறது. ஆகவே விமானச்சீட்டு, விசா, முதல் மாத வாடகை, முற்பணம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே நாம் திரட்டியாக வேண்டும். கொழும்பில் சம்பளம் வாங்கும் தாய் தந்தையரின் பிள்ளைக்கு இது ஒரு தொந்தரவாகத் தோன்றலாம். நெல்லையும் கச்சானையும் நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு, அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் வாசலைத் தாண்டவிடாத தடையாக ஆகிவிடுகிறது. புலமைப்பரிசிலின் முதல் தவணையைப் புறப்படும் முன்பே கொடுப்பதற்கு ஒன்றியம் ஒரு வழி காணவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆவணங்களைச் சேர்ப்பதிலும் வன்னியின் நிலைமை வேறு. பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்று அறிக்கை, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கடிதம், தன்விவரக் கோவை, ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, வதிவிடச் சான்று என்று கேட்கிறார்கள். ஐ.இ.எல்.ரி.எஸ். பெறுபேற்றுக்குப் பதிலாக, ஆங்கில மொழிமூலம் படித்ததாகப் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தைச் சில கற்கைநெறிகள் ஏற்கின்றன. அதைக் கேட்டுப் பார்க்காமல் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டவேண்டாம். 2009 போரில் இடம்பெயர்ந்து வந்தபோது பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சான்றிதழ்களையும் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் மீளப் பெறலாம். கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, ஆவணங்களை உறுதிப்படுத்த யாழ்ப்பாணத்தில் கொன்சூலர் பிராந்திய அலுவலகம் உண்டு. விசா மட்டும் கொழும்பை விட்டு நகர்வதில்லை. கொழும்பில் தூதரகமே இல்லாத சில ஐரோப்பிய நாடுகளின் அலுவல் புதுடெல்லியோடு போய் முடிகிறது. அனுமதி கிடைத்த நாளிலேயே விசாவுக்கான வேலையைத் தொடங்காவிட்டால் முதற் பருவத்தின் தொடக்கம் கைநழுவிப் போகும்.

இதனிடையே முகவர்களைப் பற்றி ஒரு சொல். இந்தப் புலமைப்பரிசிலுக்கு முகவர் எவரும் தேவையில்லை. அப்படியிருக்க, அதை "எடுத்துத் தருவதாக" என்னிடமும் பெருந்தொகை கேட்ட ஒரு நிறுவனம் உண்டு. இன்றும் அதே பேச்சோடு வேறு சிலர் ஊர்களுக்குள் வந்து போகிறார்கள். பணம் கேட்பவரிடம் உங்கள் சான்றிதழ்களின் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இத்திட்டத்தை நான் மனமார மதிப்பதற்குக் காரணம் வகுப்பறை. ஒரு கூட்டமைப்பு வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒரே நாட்டவருக்குப் பத்து வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கேட்பதற்கு நிர்வாக விதி போலத் தோன்றினாலும் வகுப்பின் இயல்பையே அது மாற்றிவிடுகிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், நம்மவரோடு ஒரே வீட்டில் தங்கி, நம் சமையலைச் சமைத்து, நம் மொழியிலேயே பேசித் திரும்பும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. எத்தியோப்பியா, வங்காளதேசம், கொலம்பியா, வியட்நாம், செர்பியா என்று பெரும்பாலும் ஆளுக்கொரு நாடு; எவருக்கும் எண்ணிக்கை பலம் கிடையாது; எல்லோருக்கும் ஒரே தொகை; எல்லோருக்கும் ஆங்கிலம் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழி. அந்தச் சமநிலையில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது கூச்சமின்றி நடக்கிறது.

கற்பிக்கும் முறைக்குப் பழக எனக்குக் காலம் எடுத்தது. இங்கே விரிவுரையாளரை "சேர்" என்றும் "மடம்" என்றும் அழைத்து, கேள்வி இருந்தாலும் மரியாதை கருதி அடக்கிக்கொண்டு வளர்ந்தோம். டெல்ஃப்டில் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவருடைய கணக்கில் பிழை இருந்தால் வகுப்பில் வைத்தே சொல்கிறார்கள். அவரும் நன்றி சொல்லித் திருத்துகிறார். பேசாமல் இருக்கும் மாணவரை அடக்கமானவர் என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை, ஆயத்தமின்றி வந்தவர் என்றே எண்ணுகிறார்கள். நம் மரியாதை தாழ்ந்தது என்று இதைக் கொண்டு நான் முடிவு கட்டவில்லை. எத்தியோப்பிய நண்பரும் என்னைப் போலவே தயங்கினார். மூத்தவரை எதிர்த்துப் பேசாமலே எப்படி மறுப்பது என்பதில் இருவருக்கும் இருந்த நுட்பம், ஒரு குழுவேலையில் எல்லோரும் சண்டையிட்டு நின்றபோது உதவியது. ஆனால் கேள்வியை அடக்கிவைப்பதால் அறிவுக்கு நேரும் இழப்பை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

நெதர்லாந்தின் நீர்ச் சபைகள் பற்றிய பாடத்தை இங்கே விரித்துச் சொல்லவேண்டும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தைக் காக்கவும் வாய்க்கால்களைப் பராமரிக்கவும் அந்நாட்டில் தனிச் சபைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வாக்களிப்பின் மூலம் உறுப்பினர் தெரிவாகின்றனர், அவை தமக்கெனத் தனி வரியும் அறவிடுகின்றன. டெல்ஃப்டைத் தலைமையிடமாகக் கொண்ட சபையின் வரலாறு 13ஆம் நூற்றாண்டுக்குச் செல்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய நம் இரணைமடுக்குளத்தின் சிறுபோகக் (கோடைக்கால நெற்செய்கை) கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் துணிந்தேன். குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, அந்த ஆண்டு எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த நாளில் வாய்க்காலைத் திறப்பது என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடிப் பேசித் தீர்மானிப்பதை விளக்கினேன். வயலில் ஒரு பகுதிக்கு மட்டுமே நீர் போதும் என்ற ஆண்டில், மேல்வாய்க்கால்காரரும் கடைவாய்க்கால்காரரும் தம் பங்கை எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்று பேராசிரியர் கேள்விமேல் கேள்வி கேட்டார். வன்னியின் 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் பேச்சு வளர்ந்தது. நீர் மிகுந்த நாட்டவர் நீரை வெளியேற்றக் கூடிய சபையும், நீர் குறைந்த நாட்டவர் நீரைப் பங்கிடக் கூடும் கூட்டமும் ஒரே பாடத்தின் இரு பக்கங்களாக அன்று விவாதிக்கப்பட்டன. ஆகவே போகிறவருக்கு நான் கூறுவது: உங்கள் ஊரின் குளத்தை, வயலை, கடலை, கிணற்றை விவரமாக அறிந்துகொண்டு போங்கள். முருங்கனின் சுண்ணக்கல் நீர்ப்படுகையைப் பற்றியோ வவுனியாக் கிணறுகளின் புளோரைட்டைப் பற்றியோ தெளிவாகப் பேசக்கூடியவரின் சொல்லுக்கு அங்கே எடை உண்டு.

எதிர்பாராத இன்னொரு பரிமாற்றமும் நிகழ்ந்தது. எங்கள் வகுப்பில் இருந்த மற்ற இலங்கையர் மாத்தறையைச் சேர்ந்த சிங்களப் பெண். தங்கை வயது, என்னை "அண்ணா" என்றே அழைக்கப் பழகிக்கொண்டார். ஒரே நாட்டில் பிறந்த நாங்கள் இருவரும் ஒருவர் ஊரை ஒருவர் அறியாமல் வளர்ந்து, லிஸ்பனில் ஒரு சமையலறையில் கிரிபத்தையும் பாற்சோற்றையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கி, பிறகு 2009ஐப் பற்றியும் பேசினோம். அவர் கேட்டார், நான் சொன்னேன். அவருடைய ஊரில் போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி அவரும் சொன்னார். எல்லாவற்றிலும் உடன்பட்டோம் என்று சொல்லமாட்டேன். தம் நாட்டின் 2016 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகும் காணாமற்போனவரைத் தேடும் குடும்பங்களைப் பற்றி எங்கள் கொலம்பிய நண்பர் பேசியபோது, நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்து கேட்டோம். இத்தகைய பேச்சு உள்நாட்டிலேயே நடந்திருக்கவேண்டும் என்ற வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு.

குறைகளுக்கு வருகிறேன். பருவத்துக்கு ஒரு நாடு என்ற ஓட்டம் உடலையும் மனத்தையும் களைக்கச் செய்கிறது. ஒரு நகரத்தில் கடைத்தெருவும் பேருந்தும் பழகி நட்பும் வேர்விடும் நேரத்தில் பெட்டியைக் கட்டவேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் வதிவிட அனுமதி, வங்கிக் கணக்கு, வீடு என்று தொடக்கத்திலிருந்து ஓடவேண்டும். பண்பாட்டை அறிய ஒரு பருவம் போதாது. போர்த்துக்கீச மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் வணக்கமும் விலையும் மட்டுமே எனக்கு வந்தன. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றிருந்தாலோ, தனிமையைத் தாங்க இயலாதவராக இருந்தாலோ ஒரே நாட்டில் நடக்கும் வேறொரு புலமைப்பரிசிலை நாடுவது நல்லது. டிரெஸ்டனின் குளிர்காலத்தில் மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு போகவேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நாங்கள் அங்கே போகிறோம், அங்குள்ளவர் இங்கே வருவதில்லை. பரிமாற்றம் என்ற பெயர் பொருந்தவேண்டுமானால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடங்களும் வவுனியாப் பல்கலைக்கழகமும் ஏதாவதொரு கூட்டமைப்பில் பங்காளராகச் சேர்ந்து, ஒரு பருவமோ ஓர் ஆய்வுக் காலமோ ஐரோப்பிய மாணவர் இங்கே தங்கிப் படிக்கவேண்டும். வரண்ட வலயத்துக் குள நிர்வாகத்தைக் கற்க இரணைமடுவையும் வவுனிக்குளத்தையும் முத்தையன்கட்டையும் விடப் பொருத்தமான இடம் அவர்களுக்கு வாய்க்காது. நம் பல்கலைக்கழக நிர்வாகங்கள் இதற்கு முயலவேண்டும். பழைய மாணவராகிய எங்களைப் போன்றவர் அங்குள்ள பேராசிரியரோடு தொடர்பை ஏற்படுத்திக்கொடுக்க ஆயத்தமாகவே இருக்கிறோம்.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு விண்ணப்பக் காலம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஒருவர் விரும்பும் எண்ணிக்கையில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், நோக்கக் கடிதத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதவேண்டும்; ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவோர் எளிதில் கழிக்கப்படுவர். பரிந்துரைக் கடிதத்தை விரிவுரையாளரிடம் ஆவணி மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழு கொழும்பில் நடத்தும் விளக்கக் கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் தமிழில் நடத்தவேண்டும், அதில் விண்ணப்பத்தை நிரப்பிக் காட்டவும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.