தலைக்கணக்கும் கைக்கணக்கும்: மொரீஷியஸ் அரசுச் சேவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

கடையில் வாங்கும் பொருளை எடைபோட்டுப் பார்ப்பதைப்போலவே அரசு தரும் சேவைகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். மொரீஷியஸில் நாம் வாங்கும் பெரும்பாலான பொருள்களின் விலையில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஆகவே பேருந்தில் கட்டணமின்றி ஏறும் முதியவரும், அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் நோயாளியும் அவற்றுக்குரிய விலையை ஏற்கெனவே செலுத்தியவர்களே. செலுத்திய விலைக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா என்று கேட்கும்போது, நாடுகளின் அரசுச் செலவைத் தலைக்கு இத்தனை டாலர் என்று வரிசைப்படுத்தும் அட்டவணைகள் நம் முன் வைக்கப்படுகின்றன. அந்த அட்டவணைகள் தேவைதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

லக்சம்பர்க் அவ்வகைப் பட்டியல்களில் மிக உயரத்தில் நிற்கிறது. அங்கே வேலை செய்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளிலிருந்து நாள்தோறும் எல்லை தாண்டி வருபவர்கள். அவர்களுக்காகவும் ஆகும் செலவு அந்நாட்டில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்கப்படுவதால் தலைக்கணக்கு உயர்ந்து தெரிகிறது. சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறானது. முதுமைக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் தம் ஊதியத்திலிருந்து மத்திய சேமநிதியில் சேர்க்கும் பணம் அரசுச் செலவாகக் கருதப்படாததால், அந்த அரசு குறைவாகச் செலவழிப்பதுபோலத் தோன்றுகிறது. சிறிய நாடுகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஏறத்தாழ 12.6 இலட்சம் மக்கள் வாழும் மொரீஷியஸ், ஏறக்குறைய 23 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. மத்திய வங்கியும் தூதரகங்களும் விமான நிலையமும் மக்கள்தொகை குறைவு என்பதற்காகச் செலவில் அதே விகிதத்தில் குறைவதில்லை.

எனவே நான் வேறோர் அளவுகோலைக் கொள்கிறேன். ஒரு சேவை கிடைத்த பிறகும், அதே தேவைக்காக ஒரு குடும்பம் தன் கையிலிருந்து எவ்வளவு கொடுக்க நேரிடுகிறது? அரசும் தனியாரும் சேர்ந்து மருத்துவத்துக்குத் தலைக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் அமெரிக்காவில் 2022இல் சராசரி ஆயுள் 77.5 ஆண்டுகளாகவே இருந்தது. சிங்கப்பூரில் அது 80ஐத் தாண்டியிருக்கிறது. செலவின் அளவும் பயனின் அளவும் ஒன்றாக நடப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலில் நம் மருத்துவச் சேவைக்குக் கலவையான மதிப்பையே தர முடிகிறது. வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் இந்தத் தீவில், நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைப்பது எளிய குடும்பங்களைக் கடனிலிருந்து காக்கும் பெரும் உதவி. அதை நான் முழு மனத்துடன் பாராட்டுகிறேன். ஆனாலும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கிட்டத்தட்டப் பாதியை மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். காத்திருக்க மனமில்லாமலோ, காத்திருக்க முடியாமலோ தனியார் கிளினிக்குக்குச் செல்பவர்கள் ஒரே தேவைக்கு இரு முறை பணம் செலுத்துகிறார்கள்.

கல்வியிலும் இதே குறை உண்டு. இடைநிலைக் கல்வி 1977இலும், அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப்படிப்பு 2019இலும் இலவசமாக்கப்பட்டன. கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் உயர்ந்ததில் முதல் முடிவுக்கு இருந்த பங்கு மிகப் பெரியது. ஆயினும் மாலைநேர ட்யூஷனுக்குப் பெற்றோர் மாதந்தோறும் கொடுக்கும் தொகை அரசின் செலவுக் கணக்கில் இடம்பெறுவதில்லை. தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் நாம் நன்றாகவே இருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்: நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கும் அந்நாட்டில், 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வின்படி நான்காம் வகுப்புக் குழந்தைகளில் 81 விழுக்காட்டினரால் பொருள் உணர்ந்து படிக்க முடியவில்லை.

அட்டவணையில் தெரியாத மற்றொரு பயனும் நமக்குக் கிடைக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் உயர்நிலை வரை அதைத் தொடர வழி செய்கிறது. வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் குழந்தை கோவிலில் பாடும் தேவாரத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்க முடிவதை டாலரில் அளக்க இயலாது. இச்செலவைக் குறைக்கும் பேச்சு எழுந்தால் நம்மவர் உறுதியாக எதிர்க்க வேண்டும்.

என் மதிப்பீட்டில் முதலிடம் பெறுபவை இரண்டு. 2005 செப்டம்பர் முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்படும் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவற்றுள் ஒன்று. பேருந்துகளின் எண்ணிக்கையும் நேரந்தவறாமையும் மேம்பட வேண்டும் என்றாலும், பயனாளி கையிலிருந்து கொடுப்பது ஒன்றுமில்லை. மற்றொன்று முதியோர் ஓய்வூதியம். 1950இல் வருமானச் சோதனையுடன் தொடங்கி, 1958இல் அனைவருக்கும் உரியதாக மாறிய இந்தத் திட்டம், ஒருவர் எந்த வேலை செய்தார், எவ்வளவு சந்தா கட்டினார் என்று கேட்பதில்லை. ஆயுள் முழுவதும் ஊதியமின்றி வீட்டு வேலை செய்த பெண்ணுக்கும் அது உரிமையாகக் கிடைக்கிறது. 2004இல் மீண்டும் புகுத்தப்பட்ட வருமான வரம்பு அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. 2015இல் 5,000 மொரீஷியஸ் ரூபாயாக இருந்த மாதத் தொகை 2024 தொடக்கத்தில் 13,500 ரூபாயாக உயர்ந்தது.

மக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 60 வயதைக் கடந்துவிட்ட நிலையில் இந்தச் செலவு கருவூலத்தை அழுத்துகிறது என்பதை மறுக்க முடியாது. 2025 ஜூன் மாத வரவுசெலவுத் திட்டம் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்ததும் அதனால்தான். ஆனால் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்தவரும், கரும்பு வெட்டியவரும், கட்டடத்தில் கல் சுமந்தவரும் அறுபதாவது வயதை ஒரே உடல்நிலையில் அடைவதில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு, வருமானச் சோதனை ஏதுமின்றி, 60 வயதிலேயே ஓய்வூதியம் தொடர வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்த ஐந்தாண்டுகளில் அரசின் தலைக்கணக்கில் மிச்சமாகப் பதியப்படும் பணம், அவர்களுடைய வீடுகளில் மகனோ மகளோ கொடுக்க வேண்டிய பணமாகத்தான் மாறும்.